இருநூற்று இருபத்தைந்து பாகம் சாலை

22-05-2022: லிட்டருக்கு 5 ரூபாய்.
23-05-2022: 14 லிட்டர், 70 ரூபாய்.
24-05-2022: 15 லிட்டர், 75 ரூபாய்.
25-05-2022: காற்று. 0.
26-05-2022: 15 லிட்டர், 75 ரூபாய்.
31-12-2022 வரை: 1,412 லிட்டர், 7,060 ரூபாய்.
31-12-2023 வரை: 4,102 லிட்டர், 20,510 ரூபாய்.
31-12-2024 வரை: 6,686 லிட்டர், 33,430 ரூபாய்.

மரியான் தன் வள்ளத்தின் எஞ்சினில் ஊற்றிக் கடலில் எரித்த பெட்ரோலும், சாலை போடுவதற்கென்று அந்தப் பெட்ரோலின் விலையோடு சேர்த்து அவரிடம் வாங்கப்பட்ட வரியும் மேலே உள்ளவை. லிட்டருக்கு ஐந்து ரூபாய் வீதம். இந்தக் காலம் முழுவதும் அந்த எஞ்சின் எந்தச் சாலையிலும் ஓடவில்லை. கரையில் அது போனதெல்லாம் மரியானின் தோளில்தான்.

நான் முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பின் எண்ணுவதற்கு மூட்டை இல்லாததால், எங்கள் ஊர்ப் படகுச் சங்கத்தின் பதிவேட்டை எழுதிவருகிறேன். திரேஸ்புரத்திலிருந்து வடக்கே ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிறிய கடற்கரை ஊர். மரியான் எனக்கு மூன்றாவது வீடு. அவரைப் பற்றி எழுதும்போது கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். கூட்டிச் சொல்லும் வேலையை அவரே போதுமான அளவு செய்துவிட்டார்.

மரியான் பிறந்தது 1966. தன் உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்று சொல்வார். நான் அளந்து பார்த்ததில்லை. அது என் தவறு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இருபத்தெட்டு வருடம் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். முழங்கால் கெட்டுப்போனதால் குளிப்பதை விட்டுவிட்டு, வள்ளத்தில் நண்டு வலை போடுகிறார். குளிக்கிறவர்களுக்கு ஆழத்தின் அளவு பாகம். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை ஒரு பாகம். அவரவர் கையால் அளந்து, பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒவ்வொருவரிடமும் இருக்கும். மரியானின் கயிற்றில் பன்னிரண்டு பாகம். "பதினோரு பாகத்துல மூச்சடக்கிச் சங்கெடுத்தவன் நான்" என்று அவர் சொல்லிக் கேட்காதவர் எங்கள் ஊரில் கைக்குழந்தைகள் மட்டுமே.

வரி விஷயம் அவருக்குத் தெரியவந்தது சிவனாண்டி அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சந்து பிரியும் முனையில் இருக்கிறது அந்தக் கடை. அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். செய்தித்தாளை வரி விடாமல் சத்தமாகப் படிப்பார். பெட்ரோலுக்கு எட்டு ரூபாய் குறைத்துவிட்டார்கள் என்று ஊரே சந்தோஷப்பட்ட அன்று, விலைக்குள் என்னென்ன வரி இருக்கிறது என்ற கட்டத்தையும் அவர் படித்துவிட்டார்.

"ரோட்டுக்கு மட்டும் லிட்டருக்கு அஞ்சு ரூவாயாம் ஓய். போன வாரம் வரைக்கும் பதிமூணாம்."

மரியானுக்கு எட்டு ரூபாய் குறைந்தது காதில் விழவில்லை.

"ரோட்டுக்கா? எந்த ரோட்டுக்கு? அண்ணாச்சி, என் எஞ்சினு தண்ணில ஓடுது. தண்ணில குண்டு குழி உண்டா? ஸ்பீடு பிரேக்கர் உண்டா?"

"கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. நீரு பிடிக்கிற நண்டு மதுரைக்குப் பறந்தா போவுது? ரோட்டுலதான போவுது?"

"அது போற லாரிக்காரன் குடுக்காம்லா? அவன் தனியா குடுக்கான், நான் தனியா குடுக்கேன். ஒரு நண்டுக்கு ரெண்டு டிக்கெட்டா?"

அண்ணாச்சி செய்தித்தாளைப் பாதியில் மடித்துவைத்தார். அது அபூர்வம் என்பதால் அன்றைய தேதியைக் குறித்துவைத்தேன்.

பிறகு தினமும் இதே பேச்சு. டீசலுக்குச் சாலைப் பங்கு லிட்டருக்கு இரண்டு ரூபாய்தான் என்று தெரிந்ததும் மரியானின் குரல் இன்னும் உயர்ந்தது. "லாரிக்காரன் இருபத்தஞ்சு டன்னு உப்ப ஏத்திக்கிட்டு ரோட்டையே அப்பளமா நொறுக்குதான், அவனுக்கு ரெண்டு ரூவா. ரோட்ட மிதிக்கவே மிதிக்காத எனக்கு அஞ்சு ரூவா. எந்த ஊரு நியாயம் இது?" இதற்கும் அண்ணாச்சி, லாரி அதிக லிட்டர் எரிக்கிறது, உப்பு விலை ஏறினால் உம்ம வீட்டுக் குழம்புக்குத்தான் கேடு என்று ஏதோ சொன்னார். இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றை ஒன்று கழித்து மிச்சம் எதுவும் வரவில்லை.

செய்தித்தாளில் விலைக் கட்டத்தைப் படித்த மறுநாள் முதலே பெட்ரோல் சீட்டுகளை மரியான் என்னிடம் கொண்டுவந்து போட ஆரம்பித்தார். முந்தைய சீட்டுகளையும் சேர்க்கச் சொன்னார். கையில் இல்லாத சீட்டை நான் எழுதுவதில்லை.

இங்கே அவருடைய உண்மையான கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். கரையில் விட்ட எஞ்சின்கள் இரண்டு திருட்டுப் போன பிறகு, எல்லோரும் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் வீடுகள் சந்தின் மேல்முனையில், அண்ணாச்சி கடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கரை வரை புழுதி மணல். சைக்கிள்கூட உருளாது. எஞ்சினின் எடை முப்பத்தெட்டு கிலோ. காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் அதைத் தோளில் சுமப்பார். 2024 கடைசியில் டாக்டர், இன்னும் ஒரு வருடம் இப்படிச் சுமந்தால் முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார். அப்போது புன்னைக்காயலில் ஒருவர் வள்ளத்தை விலைக்குக் கேட்டிருந்தார். சந்தில் சாலை வந்தால் வள்ளம் மரியானிடம் இருக்கும், வராவிட்டால் போய்விடும். இதை அவர் கடையில் பேசமாட்டார். கடையில் நியாயம் மட்டும்தான் பேசுவார்.

12-02-2024 அன்று அவர் மனைவி எமில்டா மகளிர் குழுக் கடனில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். எமில்டா மாசிக் கருவாடு எடுத்து நகரத்தில் வீடு வீடாகக் கொடுக்கிறவர். சந்தில் வண்டி புதைவதால் அண்ணாச்சி கடை ஓரத்தில் நிறுத்தி, அங்கேயே சார்ஜ் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் மரியானிடம் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்:

"வேய், இந்த வண்டிக்குப் பெட்ரோலு கெடையாது. அப்போ ரோட்டுக்கு அஞ்சு ரூவாயும் கெடையாதுல்லா?"

மரியான் வீட்டுக்குப் போய்ப் பாகக் கயிற்றை எடுத்துவந்தார். கடையின் தூணிலிருந்து சந்தின் எதிர்ப்பக்க மின்கம்பத்துக்கு, வண்டி ரோட்டில் ஏறும் வழிக்குக் குறுக்கே கட்டினார். எமில்டா வந்து வண்டியை எடுத்தார்.

"என்ன இது?"

"டோல்கேட். ஏளா, கடல்ல ஓடுதவன் ரோட்டுக்குக் காசு குடுக்கான், ரோட்டுல ஓடுதவ ஓசில போறா. போறதுக்கு அஞ்சு, வாரதுக்கு அஞ்சு. எடு."

எமில்டா பையைத் திறந்தார். பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். இது நல்ல அறிகுறி அல்ல என்று எனக்கும் அண்ணாச்சிக்கும் தெரிந்தது. மரியானுக்குத் தெரியவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் எமில்டா கையை நீட்டினார்.

"அடுப்பு வரி அம்பது ரூவா."

"எதுக்கு? நான் அடுப்புப் பக்கமே போறதில்லையே?"

"அதத்தான் சொல்லுதேன். அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கது கெடையாது. சோறு மட்டும் மூணு வேள திங்கிய. நண்டு வித்த காசு எந்த வழியா வீட்டுக்கு வருது? கடல் வழியாவா, ரோட்டு வழியாவா? யோசிச்சுச் சொல்லுங்க. சோறு ஆறட்டும்."

இந்தப் பேச்சு மூன்றாவது வீட்டில் இருந்த எனக்குத் தெளிவாகவே கேட்டது. அரை மணி நேரத்தில் கயிறு அவிழ்க்கப்பட்டது. ஆனால் அன்று மாலையே மரியான் தன் கையால் ஒரு கடிதம் எழுதி, ஏதோ ஓர் அரசு முகவரிக்குத் தபாலில் போட்டார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை, நகலும் எடுக்கவில்லை. நகல் இல்லாத கடிதம் என் கணக்கில் வராது. அதனால் அதை மறந்துவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் முழங்கால் வீங்கிவிட்டது. மனுக் கொடுக்கலாம் என்று முடிவானது. முப்பத்து மூவாயிரத்து நானூற்று முப்பது ரூபாயைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றார் மரியான்.

"காசு தரமாட்டாங்க. ரோட்டக் கேளுங்க" என்றார் எமில்டா. "சந்துல ரோடு வந்துட்டா என் வண்டி கரைக்கு வரும். பின்னால எஞ்சின வச்சுக் கட்டிரலாம்."

"ரோட்டுக்கு ஒத்தப் பைசா குடுக்காத வண்டிலயா? என் எஞ்சினு மானஸ்தன்ளா. ஏறமாட்டான்."

"அவன் ஏறுவான். நீங்கதான் தடுப்பிய."

மனுவில் சாலையின் நீளம் வேண்டும். வழக்கமாக நான் இரும்பு டேப்பால் இரண்டு முறை அளப்பேன். அந்த வாரம் எனக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டு. மரியானே பாகக் கயிற்றால் அளந்தார். பதினெட்டு கயிறும் ஒன்பது முடிச்சும்: 225 பாகம். பாகத்துக்கு ஆறடி என்று கணக்கிட்டு, 412 மீட்டர் என்று எழுதினேன். 06-01-2025 திங்கள்கிழமை, குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்தோம்.

24-02-2025 அன்று முதல் பதில். எரிபொருள் மீதான சாலை வரி தனிநபருக்குத் திருப்பித் தரப்படுவதல்ல, சாலைக் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்படுகிறது என்று இருந்தது. 19-06-2025 அன்று இரண்டாவது கடிதம். 412 மீட்டர் சிமெண்ட் சாலைக்கு 13,59,600 ரூபாய் மதிப்பீடு தயார்.

மரியான் கடிதத்தைக் கடையில் நான்கு முறை படிக்கவைத்தார். "பாத்தியளா அண்ணாச்சி? என் காசு ரோடா வருது."

அண்ணாச்சி பொட்டலத் தாளில் கணக்குப் போட்டார். "மீட்டருக்கு மூவாயிரத்து முந்நூறு. உம்ம காசுக்குப் பத்து மீட்டரும் பதிமூணு சென்டிமீட்டரும் வருது ஓய். மீதி நானூத்திச் சொச்சம் எவன் காசு? சாத்தான்குளத்துல பைக்கு ஓட்டுதவன், நாசரேத்துல ஸ்கூட்டர்ல பள்ளிக்கூடம் போற டீச்சரு. அவங்க யாராவது உம்ம சந்துக்கு வந்து மணல்ல ஒரு மிதி மிதிச்சிருக்காங்களா?"

மரியான் ஒரு பீடியைப் பற்றவைத்தார். பிறகு, "அந்தப் பத்து மீட்டரு எங்கன வருதுன்னு நான்தான் சொல்லுவேன்" என்றார்.

அவர் கொடுத்த ரூபாய்தான் இந்தச் சாலைக்கு வந்தது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். எல்லாம் ஒரே பெட்டியில் விழுகிறது. யார் போட்ட நாணயம் எந்தச் சந்தில் சிமெண்டாகக் கிடக்கிறது என்று எண்ணிச் சொல்ல என்னாலும் முடியாது. சொல்ல முடியாமல் இருப்பதால்தான் யாரும் அடித்துக்கொள்ளாமல் இருக்கிறோமோ என்று சில நாள் தோன்றியிருக்கிறது.

புன்னைக்காயல்காரர் கல்லறைத் திருநாள் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதாவது நவம்பர் 2.

11-08-2025 திங்கள்கிழமை காலை 9.40-க்கு இன்ஜினியர் அனுசியா வந்தார். ஸ்ரீவைகுண்டத்துப் பெண். உருட்டி அளக்கும் சக்கரம் ஒன்று கையில் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து உருட்டிக்கொண்டு போனார். மரியான், எமில்டா, அண்ணாச்சி, நான் எல்லோரும் பின்னால் போனோம். ஓர் இடத்தில் அலை வந்து அவர் செருப்பை நனைத்தது. சக்கரத்தைப் பார்த்தார்.

"முந்நூத்தி நாப்பத்தொம்பது. ஐயா, நானூத்திப் பன்னெண்டு எங்க இருக்கு?"

எல்லோரும் கடலைப் பார்த்தோம். அறுபத்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு வள்ளம் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"சரியாத்தானம்மா போட்டிருக்கு" என்றார் அண்ணாச்சி. "கடல்ல எரிச்ச பெட்ரோலுக்குக் கடலுக்குள்ள ரோடு."

அனுசியா சிரிக்கவில்லை. "நீளம் இவ்வளவு தப்பா இருந்தா ஃபைல் திரும்பிப் போயிரும் ஐயா. மனுவிலயே பொய்யான அளவுன்னு யாராவது எழுதிட்டா, புதுசா மனுக் குடுக்கணும். அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருடம் என்றால் வள்ளம் போய்விடும். எமில்டா என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வருடத்தில் என் எண்ணிக்கை ஒரு மூட்டைகூடத் தப்பியதில்லை. நான் வீட்டுக்குப் போய் இரும்பு டேப்பை எடுத்துவந்து, "மரியான், கைய விரி" என்றேன்.

"எதுக்கு அண்ணே?"

"விரி."

விரித்தார். நுனிக்கால்களில் நின்றார்.

"எக்கி நின்னா ஆளு வளரலாம், கை எப்படி வளரும்?" என்றார் எமில்டா.

155 சென்டிமீட்டர். இரண்டாம் முறையும் 155. ஆறடிப் பாகம் என்றால் 183 இருக்க வேண்டும். 225-ஐ 155-ஆல் பெருக்கினால் 349 மீட்டருக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர்தான் குறைவு. அவர் அளந்ததில் தவறே இல்லை. ஆள் குட்டை என்பதை நான் கணக்கில் எடுக்காததுதான் தவறு.

நான் இதோடு நிறுத்தியிருப்பேன். அண்ணாச்சி நிறுத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அப்போ அந்தப் பதினோரு பாகம்... பதினேழு மீட்டரு. மத்தவன் கையால அளந்தா ஒம்பதேகாலு. இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன் ஓய், ஒம்பதேகாலு!"

மரியானின் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. மெதுவாகக் கீழே இறக்கினார்.

அனுசியாவே வழி சொன்னார். மனுதாரர் தன் கைப் பாகத்தில் அளந்தார், அந்தப் பாகம் இத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பொய் அளவு என்று யாரும் சொல்ல முடியாது. அலகு வேறு, அவ்வளவுதான். திருத்திய மதிப்பீடு ஒரு மாதத்தில் வந்துவிடும்.

"அப்படி ஒரு கையெழுத்து நான் போடமாட்டேன்" என்றார் மரியான். "ரோடு போனா போவட்டும்."

அன்று மதியம் எஞ்சினைச் சுமந்து வரும்போது சந்தில் மூன்று இடத்தில் இறக்கிவைத்தார். மறுநாள் ஐந்து இடத்தில். வழக்கமாக இரண்டு. அண்ணாச்சிகூடப் பதினோரு பாகத்தைப் பற்றிப் பேசவில்லை. புதன்கிழமை, 13-08-2025, ஆறாவது இடம் என் வீட்டு வாசலாக இருந்தது. எஞ்சினைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் கையை ஊன்றி நின்றார்.

"எழுதுங்க அண்ணே. ஆனா ஒண்ணு. வாலிபத்துல கை நீளமா இருந்துச்சுன்னு சேத்து எழுதணும்."

"அதுக்கு ஆதாரம் கிடையாது."

"வயசாச்சுன்னா மனுசன் சுருங்கத்தான செய்தான்?"

"கை சுருங்காது மரியான்."

வெகு நேரம் பேரம் நடந்தது. கடைசியில், 'மனுதாரரின் தற்போதைய பாகம் 155 சென்டிமீட்டர்' என்று எழுதினேன். 'தற்போதைய' என்பதில் பொய் ஏதும் இல்லை. அந்தச் சொல்லை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, நீளத்தை மாற்றிக் கணக்கிட்டது என் பிழை என்று எழுதி நானும் போட்டேன். எனக்கும் அது எளிதாக இல்லை.

10-09-2025: 349 மீட்டருக்குத் திருத்திய அனுமதி. 22-09-2025: வேலை ஆரம்பம். 09-10-2025: கடைசி மீட்டர். இருபத்தொரு நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அனுசியா சொல்லியிருந்தார். மரியான் நாளுக்கு நான்கு முறை ஊற்றினார். கரை ஓரத்துக் கடைசிப் பத்து மீட்டருக்கு மட்டும் ஐந்து முறை. அந்தப் பத்து மீட்டரும் பதின்மூன்று சென்டிமீட்டரும் தன்னுடையது என்று சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். அதில் கருவாடு காயப்போட வந்தவர்களிடம் அனுமதி கேட்கச் சொன்னார்.

31-10-2025 வெள்ளிக்கிழமை மதியம், எமில்டாவின் ஸ்கூட்டர் முதல் முறையாகக் கரைக்கு வந்தது. எஞ்சினைப் பின் சீட்டில் ஏற்றி, பாகக் கயிற்றால் ஏழு சுற்றுக் கட்டினார்கள். லிட்டருக்கு ஐந்து ரூபாய் கொடுத்த எஞ்சின் பின்னால் உட்கார்ந்திருக்க, ஒன்றும் கொடுக்காத வண்டி அதைச் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் போயிற்று. மரியான் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடந்தார். கடை வாசலில் அண்ணாச்சி எழுந்து நின்று, "மானஸ்தன் ஏறிட்டானா?" என்று கேட்டார். மறுநாள் புன்னைக்காயலுக்குப் போன் போட்டு, வள்ளம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பின் ஒன்றரை மாதம், ஞாயிறும் காற்று நாட்களும் போக, எஞ்சின் தினமும் இரண்டு தரம் ஸ்கூட்டரில் போய்வந்தது. முழங்கால் வீக்கம் வடிந்தது. கடையில் வரிப் பேச்சு குறைந்துபோனது.

ஒரு புதன்கிழமை மதியம், மரியானும் நானும் பக்கத்தில் நடக்க, எமில்டா எஞ்சினோடு கரையிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது சந்தின் நடுவில் தபால்காரர் வண்டியை நிறுத்தி, மரியான் பேருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். எமில்டா அங்கேயே பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"மின்சார இருசக்கர வாகனங்களுக்கும் சாலை வரி வசூலிக்க வேண்டும் என்ற தங்கள் 14-02-2024 தேதியிட்ட ஆலோசனை பெறப்பட்டு, பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. தாங்கள் உதாரணமாகக் குறிப்பிட்டுள்ள, தங்கள் மனைவி எமில்டா என்பவரின் வாகனப் பதிவு எண்ணைத் தெரிவிக்கவும்."

மரியான் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏளா, அது வேற மரியானா இருக்கும்" என்றார்.

எங்கள் பதிவேட்டில் மரியான் ஒருவர்தான். எமில்டா என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ஏழு சுற்றுக் கயிற்றையும் பொறுமையாக அவிழ்த்து, எஞ்சினை மரியானிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதி 174 மீட்டரும் மரியான் அதைத் தோளில் சுமந்தார், ஓர் இடத்தில்கூட இறக்கிவைக்காமல். நல்ல சிமெண்ட் சாலை. மறுநாள் காலை வண்டி வழக்கம்போல வந்தது.

கடிதம் இப்போது என் கோப்பில் இருக்கிறது. வந்து சேர்ந்த தேதி 17-12-2025.